மாட்டை விற்று வாங்கிய கயிறு

நெடுந்தீவு மேற்கு,
05-02-1984

அத்தானுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாய்த்தான் இருப்பீர்கள்.

நேற்று உங்கள் பதிவுத் தபால் வந்தது. உறை தடிப்பாய் இருந்தபடியால் தபால்காரர் போகாமல் முற்றத்திலேயே நின்றார். நாகமுத்து அக்கா கல்வேலிக்கு மேலால் தலையைப் போட்டா. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். எல்லாருக்கும் முன்னால் பிரித்தேன். உள்ளே காசு இல்லை, காணி உறுதி இல்லை. கரையெல்லாம் பூப்போட்ட ஒரு கடதாசியில் என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஐயா எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு கயிற்றுக் கம்பனி.

ஐயா கடதாசியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, உன்ரை மனுசன் மாட்டை வித்துப்போட்டுக் கயிறு வாங்கியிருக்கிறார். நாங்கள் மாடு வாங்கினாக் கயிறு சும்மா தருவாங்கள்."

தபால்காரர் சிரித்த சிரிப்பு கிழக்குப் பக்கம் வரை போயிருக்கும். இன்று காலை கோயிலில் குருக்கள் ஐயாவே "கயிறு நல்ல நீளமோ?" என்று கேட்டார்.

சிவலை எனக்குச் சீதனமாய் வந்த மாடு. அதுவும் வயிற்றில் கன்றோடு நின்ற மாடு. பொங்கலுக்கு வந்து நின்றபோது நீங்கள் குசினி வாசலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நல்ல ஞாபகம். "சறோ, சிவலையை வித்துத் தாரும். காசை நல்ல இடத்திலை போடுறன். சுருவில் ஊரிலை விலைக்கு நிக்கிற மா அரைக்கிற மில்லை வாங்கிக்கொண்டு வந்திடுறன். பிறகு கொழும்புப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்." அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மாட்டைக் கிழக்குத் தம்பு அண்ணைக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நீங்கள் மறுபடியும் அந்த ஊருக்கு ரயில் ஏறின நாளிலிருந்து நான் ஒழுங்காய்ச் சோறு தின்றதில்லை.

இந்தக் கடதாசி என்ன? இதில் எங்கே மில்? உங்கள் மகள் பரிமளம் மாட்டுக் கொட்டிலில் போய் நின்று அழுகிறாள். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்கும் மகளுக்கும் இப்போது ஒரே மாதிரி வாய்.

சறோஜினிதேவி


கொட்டாஞ்சேனை,
19-02-1984

அன்புள்ள சறோவுக்கு,

உமது கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்தேன். பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் ஏதும் துக்கமோ என்று கேட்டார்.

நான் கயிறு வாங்கவில்லை. கயிறு திரிக்கிற கம்பனியில் உமது பெயரில் பங்கு வாங்கினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மாமாவுக்கும் வாசித்துக் காட்டும்.

மாமா தன் மாடுகளை நெடுந்தீவு மத்தியில் உள்ளவர்களிடம் வளர்ப்புப் பங்குக்கு விட்டிருக்கிறார் அல்லவா? மாடு எங்கள் கொட்டிலில் நிற்காது. ஆனால் பாலில் பங்கு வரும், கன்றில் பங்கு வரும். கம்பனியும் அப்படி ஒரு பெரிய மாடு. அதற்குச் சொந்தக்காரர் நூற்றுக்கணக்கில். மேய்ப்பதற்கு டிறெக்ரர்மார் இருக்கிறார்கள். வருடத்தில் கறந்த பாலைப் பங்கு பிரித்துத் தருவது டிவிடென்ற். சில வருடம் பாலுக்குப் பதிலாகக் கன்று தருவார்கள், அது போனஸ். மழை பொய்த்தால் இரண்டும் இல்லை.

பங்கை விற்கவும் வாங்கவும் இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. புறோக்கர்மார் நின்று விலை கூவ, ஒருவர் பலகையில் எழுதுவார். எங்கள் மாவிலித்துறையில் மீன் ஏலம் போகிற அதே சத்தந்தான். ஆனால் எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார்கள், மீனைக் கண்ணால் காண ஏலாது. சத்தம் ஓய்ந்தபின் யார் யாருக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்று பிரித்துச் சரிபார்ப்பதற்குப் பெயர் கிளியறிங். பிறகு குறித்த நாளில் விற்றவர் பத்திரத்தைக் கொடுக்க, வாங்கியவர் காசைக் கொடுக்க, விசயம் தீரும். அது செற்றில்மென்ற். அது நடக்கும்வரை கூவினதெல்லாம் வெறும் சத்தம்.

அந்த செற்றில்மென்ற் மேசையில்தான் உமது மனுசன் இருக்கிறான். விற்றவர்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் பரிசோதித்து ஏற்பதும் திருப்புவதும் என் பொறுப்பு. போன கிழமை ஒரு பெரிய டொக்டர் தன் பத்திரத்தின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து எடுத்திருக்கிறார். வட்டமாய்க் கறை. திருப்பி அனுப்பினேன். கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தரின் கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தது. அதையும் திருப்பினேன். கந்தோரில் எனக்கு வைத்த பெயரே "திருப்பி". எனக்கு அதில் வெட்கமில்லை. ஒரு மேசையாவது இந்த ஊரில் ஒழுங்காய் இருக்கட்டும்.

பத்திரத்தை மடிக்காமல், கறையான் பிடிக்காமல் அலுமாரிக்குள் வையும். வேறொன்றும் செய்யவேண்டாம்.

மில் வரும். நானும் வருவேன். பரிமளத்திடம் சொல்லும், அவளுடைய பல் முளைக்கும், என்னுடையதுதான் முளைக்காது.

அன்புடன்,
குலசிங்கம்


நெடுந்தீவு மேற்கு,
11-03-1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் விளக்கத்தைச் சத்தமாய் வாசித்தேன். மாடு என்று எழுதினபடியால் ஐயாவுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. விளங்கினதுதான் இப்போது வில்லங்கம்.

அவர் கேட்கிறார்: மேய்க்கிற அந்த டிறெக்ரர்மார் எந்த ஊர்? ஆருடைய பிள்ளைகள்? வளர்ப்புக்கு விட்ட மாடு செத்தால் வளர்த்தவன் சூட்டுக் குறி தெரியத் தோலைக் கொண்டுவந்து காட்டவேண்டும், அது இந்தத் தீவின் வழக்கம். உங்கள் கம்பனி செத்தால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

நான் "காட்டுவினம், பேசாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டேன். சரியா என்று எழுதுங்கள்.

சிவலை மறுபடியும் வந்துவிட்டது. தம்பு அண்ணையின் கல்வேலியைத் தள்ளி விழுத்திவிட்டு, வெளியெல்லாம் கடந்து, நேரே எங்கள் கொட்டிலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறது. அவர் வந்து இழுத்துக்கொண்டு போவார், அது வரும். கன்று போட்டபிறகு குறி சுடலாம் என்று அவர் தன் குறியை இன்னும் போடவில்லை. அதன் தொடையில் இப்போதும் ஐயாவின் வட்டக் குறிதான். ஆகவே பெரிய சண்டை.

ஐயா சொல்லுகிறார்: "என்ரை குறியோடை, என்ரை வளவிலை போட்டால் அது என்ரை கன்று."

தம்பு அண்ணை சொல்லுகிறார்: "நான் காசு எண்ணித் தந்த அண்டைக்கே அது வயித்துக்குள்ளை இருந்தது."

இரண்டு பேரும் கோயிலில் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் மண்டபத்தில் இதற்கு என்ன சட்டம்?

இன்னொன்று. மாடெல்லாம் கட்டாக்காலியாய்த் திரிகிற இந்த ஊரில் குறியில்லாத மாட்டை யார் பிடித்தாலும் அவருடையதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பு இதைவிடப் பெரிய வெளி என்று ஐயா பயப்படுகிறார். அதனால் உங்கள் பத்திரத்துக்கு ஒரு பாதுகாப்புச் செய்து வைத்திருக்கிறார். எழுதினால் சிரிப்பீர்கள். வந்து பாருங்கள். இனி அது எங்கள் வீட்டுச் சொத்து இல்லை என்று எவராலும் சொல்ல ஏலாது.

எப்போது வருகிறீர்கள்? தான் மூன்று முறை கேட்டுவிட்டதாகப் பரிமளம் எண்ணிச் சொல்லுகிறாள்.

சறோ


கொட்டாஞ்சேனை,
07-05-1984

அன்புள்ள சறோவுக்கு,

தந்தியும் அடித்திருக்கிறேன். தந்தி என்றதும் பயப்படவேண்டாம், யாரும் சாகவில்லை. விற்றுவிட்டேன்!

எங்கள் கயிற்றுக் கம்பனியை வெளிநாட்டுக்காரர் யாரோ முழுதாய் வாங்கப்போகிறார்கள் என்று ஒரு கதை. விலை ஏறி ஏறி, இன்று நான் வாங்கின விலையிலும் இரண்டு மடங்குக்கு மேல். மண்டபத்தில் ஒரே கூச்சல். மில் வாங்கினபிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சும். சிரித்துக்கொண்டே ரயில் ஏறலாம்.

இப்போது கவனமாய் வாசியும். செற்றில்மென்ற் இந்த மாதம் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பத்திரம் என் மேசையில் இருக்கவேண்டும். இதனுடன் மாற்றுப் படிவம் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வையும். இரண்டையும் பதிவுத் தபாலில் உடனே அனுப்பும்.

ஒரு விசயம் உமக்கு மட்டும். கையில் பத்திரம் இல்லாமல் விற்க நான் யாரையும் விட்டதில்லை. எங்கள் மனேஜர் பிலிப்பு ஐயா "பத்திரம் கையில் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். உமது அலுமாரி என் கைதானே என்று என் மனதுக்குச் சமாதானமும் சொன்னேன். பத்திரம் அன்றைக்கு வராவிட்டால், அல்லது பழுதாய் வந்தால், கந்தோர் வேறொருவரிடம் கேட்ட விலைக்குப் பங்கை வாங்கி, என்னிடம் வாங்கியவருக்குக் கொடுக்கும். விலை கூடினால் நட்டம் என் சம்பளத்தில் விழும். என் கதிரையும் போகும். ஆனால் அப்படி ஏன் நடக்கப்போகிறது? பத்திரம் அலுமாரிக்குள் பத்திரமாய்த்தானே இருக்கிறது.

சிவலையின் கன்று விசயத்தை முதலே எழுதியிருக்கவேண்டும். பாலோ கன்றோ வரப்போகிறது என்று தெரிந்த பங்கை விற்கும்போது அதையும் சேர்த்தா, நீக்கியா என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். சேர்த்து என்றால் கம், நீக்கி என்றால் எக்ஸ். சிவலையை விற்கும்போது நீங்கள் எதையும் நீக்கிச் சொல்லவில்லை. ஆகவே குறி யாருடையதாய் இருந்தாலும், எந்த வளவில் போட்டாலும், கன்று தம்பு அண்ணைக்கு. மாமாவுக்குப் பக்குவமாய்ச் சொல்லும்.

வருகிறேன் சறோ. இந்த முறை உண்மையாய்.

குலசிங்கம்


நெடுந்தீவு மேற்கு,
14-05-1984

அன்புள்ள அத்தானுக்கு,

யாரும் சாகவில்லை என்று கடிதத்தில் எழுதினால் போதுமா? தந்தியில் அல்லவா அதை அடித்திருக்கவேண்டும்! தந்திக்காரனைக் கண்டதும் நாகமுத்து அக்கா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி தொடங்கிவிட்டா. நான் வாசித்து முடிக்குமுன் முற்றம் நிறையச் சனம். "பத்திரம் கவனம் கடிதம் வருகிறது" என்றுதான் தந்தி என்று நான் கத்தினதை ஒருவரும் கேட்கவில்லை. வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பவேண்டி வந்தது. ஒருவர் செத்த வீட்டுக்கென்று வாழைக்குலைக்கே சொல்லிவிட்டார்.

படிவத்தில் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். சுழி ஒன்றும் குறையவில்லை, பழைய கையெழுத்தைப் பார்த்துப் பழகித்தான் வைத்தேன்.

பத்திரத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன். மடிக்கவில்லை. கறையான் தொடவில்லை. ஐயா வைத்த குறியையும் பாருங்கள். பெரிய மாட்டுக்கு வைக்கிற இரும்பில்லை, கன்றுக்கு வைக்கிற சின்ன வட்டம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சவில்லை, மெல்லிய சூட்டில்தான் வைத்தார். ஆனாலும் கடதாசி மாட்டுத் தோல் மாதிரி இல்லை. நடுவில் உள்ள வட்டம் கழன்று விழுந்துவிட்டது. அதையும் ஒரு சின்ன உறையில் போட்டு வைத்திருக்கிறேன், தேவையென்றால் ஒட்டுங்கள்.

"இனி ஆர் களவெடுத்தாலும் அம்பிடுவான்" என்று ஐயாவுக்குப் பெரிய சந்தோசம்.

சறோ


பதிவுத் தபால்
கொழும்பு,
25-05-1984

திருமதி கு. சறோஜினிதேவி,
நெடுந்தீவு மேற்கு.

அம்மணி,

தங்களால் ஒப்படைக்கப்பட்ட பங்குப் பத்திரம் தொடர்பாக.

மேற்படி பத்திரத்தைப் பரிசோதித்ததில், அதன் மத்தியில் சூடேற்றிய இரும்பினால் ஏற்பட்டதாகக் கருதப்படும் வட்டவடிவத் துவாரம் ஒன்று காணப்படுகிறது. கம்பனியின் முத்திரையும் உரிமையாளர் பெயரின் பிற்பகுதியும் இத்துவாரத்தினுள் அடங்கியிருந்தன என ஊகிக்கப்படுகிறது. தனி உறையில் அனுப்பப்பட்ட வட்டத்துண்டு கருகியிருப்பதால் அதனை வாசிக்க இயலவில்லை. ஆகவே இவ்வொப்படைப்பை ஏற்பதற்கில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

இங்ஙனம்,
ச. குலசிங்கம்
ஒப்படைப்புப் பிரிவு

சறோ! மேலே உள்ளது கந்தோர்க் கடிதம். விதிப்படி விற்றவருக்கு அனுப்பவேண்டும், விற்றவர் நீர், அனுப்புகிறவன் நான். கீழே என் கையால் எழுதுகிறேன்.

கோப்பைக் கறைக்கு டொக்டரைத் திருப்பி அனுப்பினவனின் மேசைக்குச் சூடு வைத்த பத்திரம் வந்திருக்கிறது! பிலிப்பு ஐயா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்த ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். ஒரு கண் மட்டும் தெரிந்தது. "குலசிங்கம், பத்திரம் கையிலை இருக்கெண்டு சொன்னீர்" என்றார். மற்ற மேசைக்காரர் எல்லாம் எழும்பி வந்து வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவன் மாடு மாதிரிக் கத்தினான்.

திங்கட்கிழமை கந்தோர் வெளியில் பங்கு வாங்கும். விலை எவ்வளவோ தெரியாது. மில் போச்சு. மாடும் போச்சு. ஒரு கடதாசியைச் சும்மா அலுமாரிக்குள் வைத்திருக்க உங்களுக்கெல்லாம் ஏலாமல் போச்சே! உம்முடைய ஐயாவுக்குச் சூடு வைக்க ஊரில் வேறொன்றும் அகப்படவில்லையா? நீர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டா இருந்தீர்?

பதில் எழுதவேண்டாம்.


நெடுந்தீவு மேற்கு,
03-06-1984

திரு. ச. குலசிங்கம்,
ஒப்படைப்புப் பிரிவு.

ஐயா,

தங்கள் தட்டச்சுக் கடிதம் கிடைத்தது. எம்மிடம் தட்டச்சு இல்லை. தங்கள் மகளின் பென்சிலால் பதில் எழுதப்படுகிறது.

கடந்த ஆவணி மாதம் மாவிலித்துறையில் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கணவர் தொடர்பாக.

மேற்படி கணவரைப் பரிசோதித்ததில் முன்பல் ஒன்று காணப்படவில்லை. தலைமயிர் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. உடுத்திருந்த சாறம் வேறு யாருடையதோ. வலது காலில் மட்டும் செருப்பு. கலியாணத்தன்று கொடுத்த மணிக்கூடு வரவில்லை, பெட்டி வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. படலை சத்தம் போட்டால் குசினிக்குள் போய் ஒளிந்து நின்றார். தங்கள் மேசைக்கு இப்படி ஒருவர் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

நாம் திருப்பி அனுப்பவில்லை.

அத்தான், இனிப் பகிடி இல்லை. அந்த ஆடியில் உங்கள் அறையும் அதற்குள் இருந்ததெல்லாமும் எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, லோஞ்ச் படகால் இறங்கி என் முன்னால் நின்றீர்கள். அதைப்பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வரி எழுதினதில்லை, ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஒரு சதக்காசு அளவு கடதாசி எரிந்ததற்கு இப்படிக் கத்துகிறீர்கள். வாசித்துவிட்டு நான் அழுதேன். பத்திரத்துக்காக அழவில்லை. அவ்வளவு கத்தல் உங்களுக்குள் இருந்திருக்கிறதே என்று அழுதேன்.

பக்கத்தில் நின்று பார்த்தாயா என்று கேட்டீர்கள். ஓம், நின்றேன். பத்திரத்தைத் தட்டையாய்ப் பிடித்துக் கொடுத்ததே நான்தான். எங்களுக்குத் தெரிந்த காவல் அதுதான். ஐயாவைத் திட்டவேண்டாம். உங்கள் கடிதத்தின் கீழ்ப் பாதியை அவருக்கு நான் வாசிக்கவில்லை.

ஒரு கேள்வி. பங்குக்காரர் பெயரெல்லாம் கம்பனியில் பதிந்திருக்குமா இல்லையா? அதில் என் பெயர் முழுதாய் இருக்குமல்லவா? கடதாசி எரிந்தால் பெயரும் எரியுமா? சிவலை தொலைந்தால் நாங்கள் தோலைத் தேடுவதில்லை, மாட்டைத்தான் தேடுவோம். நீங்கள் படித்தவர், போய்க் கேளுங்கள்.

சிவலை எங்கள் வளவில்தான் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை உள்ள நாகு, பசுக்கன்று. ஐயா இரும்பைக் காய்ச்சப் போனார். "காசு வாங்கேக்கை கன்றை நீக்கிச் சொன்னனியளோ?" என்று கேட்டேன். உங்கள் கம் கதையைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் இரும்பைக் கீழே வைத்தார். தம்பு அண்ணை தாயையும் கன்றையும் கூட்டிக்கொண்டு போனார்.

உங்கள் மண்டபத்துச் சட்டத்தை நாங்கள் இங்கே நடத்திவிட்டோம். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றை நீங்கள் நடத்துங்கள். வந்திடுங்கோ.

சறோ


கொட்டாஞ்சேனை,
17-06-1984

என் சறோவுக்கு,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அந்த ஆடி மாதத்தைப் பற்றி எழுதத் தொடங்கினேன், வரவில்லை. உம்மிடம் நேரில் சொல்லுகிறேன். சொல்லத்தான் வேண்டும் என்று இப்போது விளங்குகிறது. மாமாவைப் பற்றி எழுதினதுக்கு மன்னித்துக்கொள்ளும்.

இனி நடந்த கூத்தைக் கேளும். அந்தத் திங்கட்கிழமை காலை வெளிநாட்டுக்காரர் கதை பொய் என்று தெரிந்துவிட்டது. எங்கள் கயிற்றின் விலை ஒரே விழுக்காட்டில் பழைய இடத்துக்கு வந்தது. கந்தோர் அந்த விழுந்த விலைக்குப் பங்கை வாங்கி, நான் ஏறின விலைக்கு யாருக்கு விற்றேனோ அவரிடம் கொடுத்துவிட்டது. இடையில் உள்ள வித்தியாசம் நட்டம் இல்லை, லாபம்! அது விதிப்படி உமது கணக்குக்கு. காலையில் கையில் இல்லாத மீனை நல்ல விலைக்குக் கூவிவிட்டு, மத்தியானம் விலை விழுந்தபின் இன்னொருவனிடம் வாங்கிக் கொடுத்த மாதிரி. இப்படி விற்பவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? என் மேசையிலேயே அதைச் செய்துவிட்டேன், அதுவும் தெரியாமல்.

இன்னும் இருக்கிறது. நீர் சொன்னது சரி. கம்பனிப் பதிவில் உமது பெயர் முழுதாய் இருக்கிறது. ஓட்டைப் பத்திரம் விலைப்படாததால் அந்தப் பங்கும் உம்முடையதுதான். புதுப் பத்திரம் தருவார்கள், சத்தியக்கடதாசி மட்டும் முடித்துக் கொடுக்கவேண்டும். சமாதான நீதவானிடம் போய், "மேற்படி பத்திரத்துக்கு என் மாமனார் நல்லெண்ணத்துடன் குறி சுட்டார்" என்று சத்தியம் செய்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு "தம்பி, பத்திரத்துக்கோ மாட்டுக்கோ?" என்று கேட்டார்.

பிலிப்பு ஐயா நல்ல மனுசன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "கையிலை இல்லாததை இருக்கெண்டு சொன்னவர் அந்தக் கதிரையிலை இருக்க ஏலாது" என்றார். நானாய் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பழைய கோப்புகள் அடுக்குகிற அறையில் குறைந்த சம்பளத்துக்கு இடம் தருகிறேன் என்கிறார்.

சறோ, வந்த லாபம் மாட்டை மீட்கக் காணும். மாட்டை மீட்டால், விலை விழுந்த பங்கை விற்றாலும் மில் வாங்கக் காணாது. அந்த அறையில் இன்னும் இரண்டு வருடம் இருந்தால் மில்லுக்கும் சேர்த்துவிடலாம். இருக்கவா, வரவா? உண்மையைச் சொல்லுகிறேன். ஒருமுறை வெறுங்கையோடு அந்தத் துறையில் இறங்கினேன். இரண்டாம் முறையும் அப்படி வந்து நிற்க எனக்கு வெட்கமாய் இருக்கிறது.

நீர் சொல்லுகிறபடி செய்வேன்.

குலசிங்கம்


நெடுந்தீவு மேற்கு,
26-06-1984

அன்புள்ள அத்தானுக்கு,

இருக்கவா வரவா என்று எழுதக் கடதாசி செலவழித்திருக்கிறீர்கள்.

நேற்றுத் தம்பு அண்ணை வந்தார். சிவலை கன்றையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றது, இவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, உந்த மாட்டோடை எனக்கு ஏலாது. என்ரை வேலி முழுக்க விழுந்துபோச்சு. வாங்கின விலையைத் தாங்கோ. கன்று பால் மறந்தாப் பிறகு என்னட்டை விடுங்கோ, அது என்ரை" என்றார். ஐயா எழும்பி, தான் இருந்த கதிரையை அவருக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். கொழும்புப் பத்திரத்தின் கடதாசி தரமில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே மாடு வந்துவிட்டது. காசைக் கொண்டுவந்து கொடுத்தால் அதன் விசயம் தீரும்.

மில் வேண்டாம். இத்தனை நாளும் உரலில் இடித்தேன், இனியும் இடிப்பேன். தோட்டம் கிடக்கிறது, கிணறு கிடக்கிறது, கணக்குப் பார்க்க ஆளில்லாமல் கூட்டுறவுச் சங்கக் கடை கிடக்கிறது. அங்கே எல்லாரையும் திருப்பித் திருப்பி அனுப்பலாம்.

ஆடி பிறக்குமுன் நீங்கள் இங்கே நிற்கவேண்டும். அந்த மாதத்தை நீங்கள் அங்கே தனியாய்க் கழிக்க நான் விடமாட்டேன்.

உங்கள் பாசையிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் விளங்கும். ஒப்படைப்பு மாவிலித்துறையில். ஏற்றுக்கொள்பவர் சறோஜினிதேவி, சாட்சி பரிமளம். கறை, கிழிசல், ஓட்டை, பல் இல்லாமை எதுவும் பார்க்கப்படமாட்டாது. வெறுங்கை ஏற்கப்படும். ஏற்றபின் எக்காரணம் கொண்டும் திருப்பப்படமாட்டாது.

நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் ஐயா சின்ன வட்ட இரும்பைத் தேடத் தொடங்கிவிட்டார். குறியில்லாமல் கொழும்பில் விட்டதுதான் முதல் பிழையாம். நான் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் திரும்பிப் போகிற எண்ணம் ஏதும் மனதில் வைத்துக்கொண்டு லோஞ்சால் இறங்கினீர்களோ, நானே எடுத்துக் காய்ச்சிக் கொடுப்பேன்.

சறோ